மூக்கில் விசிறி

"கையைக் குடுங்க மாமா. கல்யாணம் பண்ணிக்கவா கேக்கறேன், ஊசி போடத்தானே?" என்றாள் நர்ஸ் ரிம்மா.

யெஃபிம் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தான். வயிற்றிலிருந்த கட்டி அவனை ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி மாதத்துப் பனி. உள்ளே அவன் நெற்றியில் சித்திரை மாதத்து வியர்வை. பல்லைக் கடித்திருந்ததில் தாடை எலும்பு கன்னத்தில் கொட்டைப்பாக்காகப் புடைத்திருந்தது.

"வேண்டாம்."

"நேத்து போட்டுக்கிட்டீங்களே. குழந்தை மாதிரி தூங்கினீங்களே."

"நேத்து வேற."

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த ரயீசா கணவனின் போர்வையைச் சரிசெய்வதுபோல எதையோ செய்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி அவள். ரவைக்கஞ்சிக்கு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை வாய் திறக்க வைப்பதிலேயே ஆயுளில் பாதி கழிந்திருந்தது. ஆனால் ஐம்பது வயதுப் பிள்ளையிடம் அந்த வித்தை எதுவும் செல்லுபடியாகவில்லை.

ரிம்மா மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதை உடைக்காம கொண்டு போனா ஏன்னு கேப்பாங்க. உடைச்சுக் கொண்டு போனா எங்கேன்னு கேப்பாங்க. என் பொழைப்பு இதுக்கு நடுவுல ஓடுது. மாடியில ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் பாத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள புத்தி சொல்லி வைங்க அக்கா."

அவள் போனதும் யெஃபிம் மெல்லக் கேட்டான்: "க்ளேப் எப்ப வரான்?"

"சாயங்கால ரயில்ல."

"அது வரைக்கும் தாங்குவேன்." சொல்லிவிட்டு மறுபடி பல்லைக் கடித்தான்.

ஊசிக்குப் பயந்தவனில்லை அவன். ரயீசாவுக்குக் காரணம் தெரியும். முந்தின நாள்தான் முதல் முறையாக மார்ஃபின் போட்டார்கள். வலி விட்டது, கூடவே நாக்கும் கட்டவிழ்ந்தது. விழித்ததும் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "ராயா, நான் ஏதாவது பேசினேனா?"

"இல்லியே. குறட்டைதான்."

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். நம்பவில்லை. அப்போதுதான் கைகள் அக்குளுக்குள் போயின.

யெஃபிமிடம் ஒரு ரகசியம் இருந்தது. அது ரயீசாவுக்குத் தெரியும் என்பது யெஃபிமுக்குத் தெரியாது. இது ரயீசாவின் ரகசியம். ஒரே அறை, ஒரே கட்டில், அதற்குள் இரண்டு ரகசியங்களை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய கெட்டிக்காரர்கள் அவர்கள்.

மகன் க்ளேப் அவள் வயிற்றில் இருந்தபோது, தூரக் கிழக்கில் ஏதோ பயிற்சி என்று விமானப்படையிலிருந்து யெஃபிமை அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து, முதுகெலும்பு நசுங்கி, பறக்கத் தகுதியில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தான். கொட்டகையில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னான். ரயீசாவும் நம்பினாள். ஆனால் ஏணியிலிருந்து விழுந்த மனிதன் டிராம் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்து, குரங்கு மாதிரி ஏணி ஏறினான். கோடையில் மேசை விசிறியை மட்டும் தன் முதுகுக்குப் பின்னால் வைக்க விடமாட்டான். வைத்தால் எழுந்து போய்விடுவான். ஏணிக்குப் பயப்படாமல் விசிறிக்குப் பயப்படுகிறவனை என்னவென்று சொல்வது?

தூக்கத்தில்தான் விடை வந்தது, துண்டு துண்டாக. விமானம், ஆறு, பாலம், விசிறி, கையெழுத்துப் போட்டேன் ஐயா, சொல்ல மாட்டேன் ஐயா. கொரியாவின் மேல் நடந்த சண்டையில் நம் விமானிகள் இல்லவே இல்லை என்பது நாட்டின் பேச்சு. நாடு இல்லை என்று சொன்ன இடத்தில் தன் கணவன் இருந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்த அன்று, அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டாள். அதற்குப் பிறகு, அவன் உதடு அசைந்தால் போதும், விழித்து அவன் காது மடலைக் கிள்ளிவிடுவாள். காலையில் அவன், "மறுபடி குறட்டையா?" என்பான். "டிராம் மாதிரி" என்பாள். பாவம், அவளிடம் மன்னிப்புக் கேட்பான். மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வரும் என்று யாரோ சொல்ல, சட்டை முதுகில் ஒரு நூல்கண்டைத் தைத்துக்கொண்டு மூன்று வருடம் ஒருக்களித்தே தூங்கினான்.

அப்படிக் காப்பாற்றிய ரகசியத்தை இப்போது ஒரு குப்பி மருந்து நடுவீதியில் இறக்கிவிடப் பார்த்தது.

வீதிகூட வேண்டாம், சமையலறை போதும். அந்தக் குடியிருப்பில் மூன்று அறைகளுக்கு ஒரே சமையலறை. ஓர் அறைக்காரர்கள் வடக்கே வேலைக்குப் போய்விட்டதால் பூட்டிக் கிடந்தது. மற்றதில் ஃபாயினா. ரயீசாவின் அறைக்கும் ஃபாயினாவின் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்பாள்.

ரயீசா தண்ணீர் கொதிக்கவைக்கப் போனபோது ஃபாயினா அங்கே எலும்பு சூப்பில் நுரை எடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத் தொழிற்சாலையின் வாசலில் அனுமதிச் சீட்டுப் பார்க்கிற உத்தியோகம். பையைத் திறக்காமலேயே உள்ளே எத்தனை திருகாணி இருக்கிறது என்று சொல்லிவிடும் கண்.

"நேத்து உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசினாரு போல" என்றாள் நுரையைப் பார்த்தபடி.

"பேச்சா? முனகினாரு."

"நீளமா முனகினாரே. நடுவுல ஆளுங்க பேரு கூட வந்துச்சு."

"ஜுரம் ஃபாயினா. ஜுரத்துல யார் யாரோ வருவாங்க."

"வரட்டும், வரட்டும். வர்றவங்களுக்கு நாற்காலி போடணுமில்ல" என்று கரண்டியைத் தட்டினாள் ஃபாயினா.

போன மாதம் தொப்பி வைத்த அரசாங்க ஆள் ஒருவன் வந்து ஃபாயினாவின் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தான். விமானப் பள்ளியில் கடைசி வருடத்தில் இருக்கும் க்ளேப்பை எல்லைக்கு அப்பாலிருக்கும் நல்ல படைப்பிரிவுக்கு அனுப்ப எண்ணமாம். குடும்பம் எப்படி, வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று விசாரிக்க வந்தானாம். அவன் என்ன கேட்டான், இவள் என்ன சொன்னாள் என்று ஃபாயினா இன்றுவரை மூச்சு விடவில்லை. ஊரில் எந்தப் பூனை எத்தனை குட்டி போட்டது என்பதை ஒளிபரப்புகிறவள் இதில் மட்டும் வாயடைத்திருந்ததுதான் ரயீசாவைத் தூங்கவிடாமல் செய்தது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் வாய் திறந்தான் என்று தெரிந்தால் சாகப்போகிறவனை யாரும் எதுவும் செய்ய முடியாது. அவன் பிள்ளையைச் செய்யலாம்.

அந்தப் பிள்ளைக்கோ அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தப் பெரிய உலகப் போரின் கடைசி வருடத்தில் விசிறி வைத்த பழைய விமானத்தில் பறந்தார், பிறகு ஏணியிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான். போன கோடை விடுமுறையில் இதே மேசையில் உட்கார்ந்து, "உங்க விசிறி விமானமெல்லாம் ஜெட் பக்கத்துல போனாலே அந்தக் காத்துல கவுந்துடும்பா" என்று சிரித்தான். யெஃபிம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "கவுந்துடும்டா, கவுந்துடும்" என்றான். கிழங்கின் தோல் மட்டும் அன்று ரொம்பத் தடிமனாக வந்தது.

அறைக்குத் திரும்பியபோது யெஃபிம் தலையணையின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. சத்தம் வந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

கதவைத் தாழிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாயை அவன் காதோடு வைத்தாள்.

"ஃபீமா, ஒண்ணு சொல்லப் போறேன். கத்தக்கூடாது."

"நான் எங்கே கத்தறேன்."

"கீழே எதிரியோட நாலு விமானம் போச்சு. மூக்குல விசிறி வெச்சது. பாலத்துல குண்டு போடப் போச்சு. நீங்க எட்டுப் பேர் ஜெட்டுல, வெயிலுக்குள்ளேர்ந்து இறங்கினீங்க."

"ஆறு பேர்" என்றான் கண்ணைத் திறக்காமல்.

பிறகுதான் கண் திறந்தது. நோயின் பெயரை டாக்டர் சொன்னபோது, "எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க, கல்லறையில வெட்டணும்" என்று சிரித்தவன் அவன். அந்தக் கண்ணிலா இந்தப் பயம் என்று இருந்தது அவளுக்கு.

"கதவு சாத்தியிருக்கா?"

"தாழ் போட்டிருக்கு."

"யாரு வந்தா? யாரு சொன்னா? ராயா, அவங்க கேட்டா உனக்கு எதுவும்..."

"யாரும் வரல. நீதான் சொன்னே. தூக்கத்துல. திரும்பி வந்த நாள்லேர்ந்து."

"குறட்டைன்னு சொன்னியே."

"நீ ஒரு நாள்கூட குறட்டை விட்டதில்ல ஃபீமா."

அவன் கூரையைப் பார்த்தான். எங்கெங்கோ போய்விட்டு வந்தது முகம்.

"அப்ப அந்த நூல்கண்டு?"

"நானா தெச்சுக்கச் சொன்னேன்?"

வலி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. விட்டபோது அங்கே ஐந்து வெள்ளைத் தடங்கள்.

"எவ்வளவு தெரியும்?"

"மாட்டு வண்டிங்கன்னு சிரிச்சீங்க. முதல் தடவை அம்பு மாதிரி போய், ரொம்ப வேகத்துல அதுங்களைத் தாண்டிட்டீங்க. ஓடற ரயில்லேர்ந்து கீழே நிக்கறவன் தொப்பியைப் புடுங்கற மாதிரின்னு நீதான் சொல்லுவே. ரெண்டாவது தடவை நீ மட்டும் வேகத்தைக் குறைச்சே. பிரேக்கை விரிச்சே. பொறுமையா குறி பாத்து சுடலாம்னு."

"முட்டாள்" என்றான்.

"அந்த விசிறிக்காரன் திரும்பினான். நீயும் அவன் பின்னாடியே திரும்பினே. முளைக்குச்சியைச் சுத்தற கன்னுக்குட்டி மாதிரி அவன் அவ்வளவு சின்ன வட்டத்துல திரும்பினான். முன்னாடி இருந்தவன் காணோம்."

"பின்னாடி வந்துட்டான்." அவன் உதடுகள் காய்ந்திருந்தன. "அவன் எஞ்சின் நினைச்ச நேரத்துக்கு இழுக்கும் ராயா. நம்ம ஜெட் எஞ்சின் கோவிச்சுக்கிட்டுப் போன மருமக மாதிரி. கைப்பிடியைத் தள்ளறேன், தள்ளறேன், கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டேங்குது. வேகம் இல்லாத ஜெட்டும் தரையில போட்ட மீனும் ஒண்ணு. தலையைத் திருப்பிப் பாத்தா, பின்னாடி அந்த விசிறி. ஒவ்வொரு ரெக்கையும் தெரியற மாதிரி இருந்துச்சு."

இவ்வளவு நீளமாக அவன் விழித்துக்கொண்டு பேசி அவள் கேட்டதில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒன்றுமில்லை.

"தளபதி அதை எழுதலை" என்றான் இன்னும் மெல்ல. "எதிரி ஜெட்டு சுட்டதுன்னு எழுதிட்டாரு. நம்ம மிக் ஜெட்டை ஒரு விசிறி வீழ்த்துச்சுன்னு எழுத அவருக்குக் கூச்சம்." அவள் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டான்: "சிரிச்சியா?"

பொய் சொல்லப் பழகிய நாக்குதான். ஆனாலும் அவள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை. முழுசாப் புரிஞ்ச அன்னிக்கு. அப்புறம் அழுதேன்."

"முதல்ல சிரிப்பா?"

"முதல்ல சிரிப்புதான்."

"நானும் அப்படித்தான்" என்றான் யெஃபிம். "வயல்ல சேத்துல கிடந்தப்போ."

அவள் அவன் நெற்றியைத் துடைத்தாள். "ஊசி போட்டுக்கோ ஃபீமா."

"பேசிடுவேன். புள்ளைக்கு..."

"பேசு. நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்பே?"

அது அவளுக்கும் தெரியவில்லை. "முன்னூறு பசங்க சாப்பிடற இடத்துல சத்தம் வராம பாத்துக்கறவ நான். ஒரு ஆளு வாயா பெரிசு?"

ரிம்மா வந்து கதவைத் தட்டியபோது கைகளில் ஒன்று அக்குளிலிருந்து வெளியே வந்தது. பிறகு மற்றொன்று.

மருந்து இறங்கிய சற்று நேரத்தில் முகம் வழுவழுவென்று ஆகிவிட்டது. தாடையிலிருந்த கொட்டைப்பாக்கு கரைந்தது. அவனுடைய அந்த முகத்தை ரயீசா மறந்தே போயிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அவகாசம் முடிந்ததும் அவன் பேச ஆரம்பித்தான்.

முதலில் முணுமுணுப்பு. சுவர் ரேடியோவைத் திருகி வைத்தாள். யாரோ ஒருவர் தானிய விளைச்சலைப் பற்றி ஆனந்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் யெஃபிம் அவரைவிட ஆனந்தமாக இருந்தான். "ஆறாம் நம்பர், நான் இறங்கறேன்" என்றான் தெளிவாக. அவள் தலையணையை அவன் வாயருகே கொண்டுபோய், என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்து, கை சுட்டதுபோலக் கீழே வைத்தாள். காது மடலைக் கிள்ளினாள். இந்தத் தூக்கத்துக்குக் காது இல்லை.

"தோங்மு" என்று கத்தினான் யெஃபிம். "தோங்மு, தோங்மு."

கொரிய மொழியில் தோழன் என்று அர்த்தம். பாராசூட்டோடு நெல்வயலில் விழுந்தபோது, குண்டு போடுகிற வெள்ளைக்காரன் சிக்கினான் என்று அரிவாளும் மண்வெட்டியுமாக ஓடி வந்த ஊர் ஜனங்களிடம் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்த ஒரே வார்த்தை. அதை அவன் எத்தனை முறை சொன்ன பிறகு அவர்கள் நம்பினார்கள் என்பது மட்டும் அவன் தூக்கத்தில் வந்ததே இல்லை.

கதவு தட்டப்பட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல் திறந்தும் கொண்டது. ரிம்மா போனபின் தாழ்ப்பாள் போட மறந்திருந்தாள்.

ஃபாயினா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் சூப்புக் கிண்ணம். கண் மட்டும் கட்டிலில்.

"தோங்மு" என்றான் யெஃபிம், அவளைப் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கி.

"என்ன பாஷை இது?"

"தாத்தர்" என்றாள் ரயீசா. வாய்க்கு வந்தது. "டிப்போல பாதிப் பேர் தாத்தர்காரங்க. ஒட்டிக்கிச்சு."

ஃபாயினா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் மெதுவாகத் துடைத்தாள்.

"என் முதல் வீட்டுக்காரர் தாத்தர்" என்றாள். "ஏழு வருஷம் மாமியாரோட அந்த பாஷையிலதான் சண்டை போட்டேன்."

ரேடியோவில் விளைச்சல் பெருகிக்கொண்டிருந்தது. ரயீசாவால் அவளைப் பார்க்க முடியவில்லை; சூப்பில் மிதந்த ஒரு கேரட் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாயினா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பிறகு பூட்ஸ் மாட்டும் சத்தம். கோட்டுப் பொத்தான்கள். வெளிக்கதவு. மாடிப்படியில் கனத்த காலடிகள் இறங்கிப் போயின.

ஃபாயினா வேலை இல்லாத நாளில் இந்தக் குளிரில் வெளியே போகிற ஆளில்லை. தெருமுனையில் டெலிபோன் கூண்டு இருந்தது. ரயீசா ஜன்னலுக்குப் போனாள். பனிப்பூ அப்பிய கண்ணாடியை மூச்சால் ஊதித் துளை செய்து பார்த்தாள். ஃபாயினாவின் பழுப்புக் கோட்டு கூண்டுக்குள் நின்றது. உதடு அசைவது இங்கிருந்து தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன செய்ய?

கூண்டைத் தாண்டி, பனியில் ஒரு பையன் சீருடையில் வந்துகொண்டிருந்தான்.

அவள் மாடிப்படிக்கே ஓடி மகனை மறித்தாள். "சமையலறையில உக்காரு. குளிர்ல வந்திருக்கே. டீ போடறேன்."

"அப்பாவைப் பாக்காம டீயா? தள்ளும்மா." க்ளேப்புக்கு அப்பாவின் தோள், அவளால் தள்ள முடியாத தோள்.

உள்ளே யெஃபிம் கத்தவில்லை. குரல் இறங்கி, பக்கத்து இருக்கையில் இருப்பவனிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தான். "பிரேக்கை மூடு. மூடுடா. அவன் கூடத் திரும்பாதே, அது அவன் ஊரு. நீ மேல போ. உனக்கு இருக்கறதே வேகம்தான், அதை அவன்கிட்ட குடுத்துடாதே."

க்ளேப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தொப்பியிலிருந்த பனி உருகிச் சொட்டியது.

"அம்மா. அப்பா ஓட்டின விமானத்துல அந்த பிரேக்கே கிடையாதே."

"உனக்கு எதுவும் கேக்கல."

"அது நாங்க ஓட்டற..."

"க்ளேப்." அவள் அவன் கோட்டின் மார்பைப் பிடித்தாள். அவ்வளவு முரட்டுத்தனமாக மகனை அவள் பிடித்ததில்லை. "யாரு கேட்டாலும், நீ வந்தப்பவே அப்பாவுக்குப் பேச்சு நின்னு போச்சு. என்ன?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு பலகைத் தடுப்பை. பிறகு அப்பாவின் நசுங்கிய முதுகை. ரத்தம் அவன் முகத்தைவிட்டு எப்படி இறங்கிப் போயிற்று என்பதை அவள் நின்று பார்த்தாள். மேகத்துக்கு மேலே தலைகீழாகப் பறந்தால் எப்படி இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பிள்ளை.

"நான் போன கோடையில..." என்று ஆரம்பித்தான்.

"உக்காரு."

உட்கார்ந்தான். யெஃபிமின் கண் சீருடையில் பட்டது. இரண்டு கைகளும் மேலே எழுந்தன. "தோங்மு."

"அரிவாளோட வர்றவங்கன்னு நினைக்கறாரு" என்றாள் ரயீசா மகன் காதில். "தோழன்னு சொல்றாரு."

க்ளேப் முன்னால் குனிந்தான். அந்த இரண்டு கைகளையும் பிடித்து, மெல்லப் போர்வையின் மேல் இறக்கினான். "தோங்மு" என்றான். முதல் முறை காற்றுதான் வந்தது. "தோங்மு, அப்பா."

யெஃபிம் அதன் பிறகு பேசவில்லை. தெருவிளக்குகள் எரிந்த நேரத்துக்கும் ரயீசா அடுத்து அவனைப் பார்த்த நேரத்துக்கும் நடுவில் எங்கோ அவன் போயிருந்தான்.

சாவு வீட்டு வழக்கப்படி அவள் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போட்டுக்கொண்டிருக்கையில் வெளிக்கதவு திறந்தது. ஃபாயினா, கன்னம் சிவக்க, தோளில் பனியோடு.

"டெலிபோன் பண்ணிட்டு வந்தேன்" என்றாள்.

ரயீசா துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். க்ளேப் எழுந்து அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"டிப்போவுக்கு" என்றாள் ஃபாயினா. "தச்சன் நாலரைக்கு மேல இருக்க மாட்டான். பெட்டிக்கு அளவு சொல்லிட்டேன். கொஞ்சம் நீளமாவே சொன்னேன், காலை மடக்கிப் படுக்க வேணாம்னு." கட்டிலைப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டாள். "நான் போன் பண்றப்போ இருந்தாரா?"

"இருந்தாரு."

"மன்னிச்சுக்கட்டும்" என்றாள். வேறு எங்கேயாவது பேசினாளா என்று கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

மூன்றாம் நாள் புதைத்துவிட்டு வந்தார்கள். சமையலறையின் இரண்டு மேசைகளையும் ஒட்டிப் போட்டு, பூட்டிக் கிடந்த அறையின் கதவைக் கழற்றிப் பெஞ்சாக்கியும் இடம் போதவில்லை. தேன் போட்ட கோதுமைச் சாதம், அப்பங்கள், வோட்கா. யெஃபிமின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை, அதன் மேல் ஒரு துண்டு ரொட்டி. டிப்போ ஆட்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், போன மாதம் விசாரிக்க வந்த அந்த ஆள். தொப்பியை முழங்காலில் வைத்திருந்தான். யாரும் அழைக்கவில்லை, டிப்போக்காரர்கள் அவனை உறவினன் என்று நினைத்து இடம் விட்டிருந்தார்கள்.

அவன் அப்பத்தில் புளித்த பாலேட்டைச் சீராகப் பூசினான். நல்ல வளர்ப்பு.

"உங்க அப்பா விமானி இல்லையா?" என்றான் க்ளேப்பிடம். "எதுல பறந்தாரு?"

"விசிறி விமானம்" என்றான் க்ளேப். "பெரிய போர்ல, கடைசி வருஷம்."

"அப்புறம்தான் ஜெட் வந்துச்சே. ஏறிப் பாக்கலையா?"

க்ளேப் ஒரு வாய் மென்று விழுங்கினான். "இல்ல. அவருக்கு வேகம்னா பயம்."

"அது சத்தியம்" என்று ஒரு டிராம் ஓட்டுநர் சிரித்தான். "நம்ம டிப்போலயும் டிராமை சாமி ஊர்வலம் மாதிரிதான் ஓட்டிப் பாப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். க்ளேப்பும் சிரித்தான். அவன் காதுகள் சிவந்து எரிவதை ரயீசா பார்த்தாள்; வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

தொப்பிக்காரனும் சிரித்தான். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டான்: "கடைசியில ஏதாவது சொன்னாரா? போறவங்க ஏதாவது சொல்லுவாங்களே."

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. ரயீசா வாயைத் திறந்தாள்.

"சொல்றதா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபாயினா, வாய் நிறைய அப்பத்தோடு. "இருபது வருஷமா அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கேன் நான். அந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை விழுந்து கேட்டதில்ல. தூக்கத்துலகூட."

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தொப்பிக்காரன் ஃபாயினாவைப் பார்த்தான். ஃபாயினா அவன் தட்டைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு வெக்கட்டுமா? இந்தக் குளிருக்கு ரெண்டு எந்த மூலைக்கு?"

அவன் சற்று யோசித்தான். "வைங்க" என்றான்.

அவள் வைத்தாள். ரயீசா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் நெருக்கம், மேசைக்கு அடியில் அவள் முழங்காலும் ஃபாயினாவின் முழங்காலும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டில் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. எது என்று தெரியவில்லை.